28 என்று அடித்த மல்லிகா அக்கா

மல்லிகா அக்கா போய்விட்டார். காலையில் அவருடைய மகள்தான் போன் செய்தது.

"சார், அம்மா தவறிட்டாங்க. அம்மா போன்ல உங்க நம்பர் 'ஆபீஸ் சார்'னு இருந்துச்சு, அதான் பண்ணேன்."

ஹார்ட் அட்டாக். ஐம்பது வயதுகூட ஆகவில்லை...

வைப்பதற்கு முன்னால் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னது. "அம்மாவ தப்பா நெனச்சுக்காதீங்க சார். 'நான் தப்பா டைப் அடிச்சு சாருக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்'னு சொல்லிக்கினே இருப்பாங்க."

நான் "சரிம்மா" என்று வைத்துவிட்டேன். சரிம்மாவாம். நானெல்லாம் ஒரு மனுஷன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் தாண்டி ஒரு மாடியில், ஆறு பேர் உட்கார்ந்து பழைய காற்றழுத்த அளவுகளை கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். நூறு வருஷத்துக்கு முந்தைய ரிஜிஸ்டர்கள். ஏதோ ஒரு கடற்கரை ஊரில் ஒரு குமாஸ்தா தினமும் பாரோமீட்டரைப் பார்த்துக் கையால் எழுதி வைத்தவை.

அந்தப் பக்கங்களின் போட்டோ ஸ்கிரீனில் வரும். அதில் இருப்பதை யோசிக்காமல் அப்படியே டைப் அடிக்க வேண்டும். அந்தக் காலத்துப் புயல், மழை பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது தேவை.

அக்கா டைப்பிஸ்ட். நான் செக்கர், அவர் அடிப்பதைச் சரிபார்க்கிறவன். எனக்குத் தனி டேபிள், தனி ஃபேன், கூடவே தலைக்கனம்.

அக்கா அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். அந்தக் குமாஸ்தாவுக்கு அவர் வைத்த பெயர் "நம்மாளு".

காலை நேரத்து அளவு விட்டுப்போயிருந்தால், "நம்மாளு இன்னிக்கு லேட்டு சார். வூட்ல சண்டை போல" என்பார். எழுத்து கோணலாக இருந்தால் நம்மாளுக்கு ஜுரம். ஒரு நாள் திடீரென்று வேறு கையெழுத்து வந்துவிட்டது. "டிரான்ஸ்ஃபர் ஆயிட்டாரு போல சார்" என்று அன்றைக்கு மதியம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. நாங்கள் ஓட்டு ஓட்டென்று ஓட்டினோம்.

அந்தப் பக்கங்களில் அழுத்தம், அந்தக் கால அங்குலக் கணக்கில், எப்போதும் 29 புள்ளி சொச்சம்தான் இருக்கும். அதைவிட்டு ஜாஸ்தி, கம்மியாக எது அடித்தாலும் சாஃப்ட்வேர் கட்டத்தைச் சிவப்பாக்கிவிடும். மாசக் கடைசியில் என் டீமில் ஒரு சிவப்புகூட இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

ஒரு நாள் அக்கா அடித்ததில் வரிசையாக மூன்று சிவப்பு. மூன்றும் 28.

பக்கம் பூராவும் 29 இருக்கும்போது நடுவில் 28 எப்படி வரும் என்று என் அதிமேதாவித்தனம். போட்டோவைத் திறக்காமலேயே 29 ஆக்கினேன். சிவப்பு போய்விட்டது. அக்கா பெயருக்கு நேராக மூன்று தப்பு என்று குறித்தேன்.

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தேன். அக்கா எழுந்து நின்றார்.

"சார், அந்த மூணு வரி மட்டும் மை கலைஞ்சிருக்கு சார். நனைஞ்ச கையோட எழுதுனாப்ல. 28தான் போட்டிருக்காரு. ஒரு வாட்டி போட்டோவ பாத்துடுங்க."

"பாத்துட்டேன்க்கா" என்றேன்.

பார்க்கவில்லை... திறக்கவே இல்லை.

என் லிஸ்ட்டை வைத்துத்தான் அடுத்த வாரத்திலிருந்து அவரை வர வேண்டாம் என்றார்கள். டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டே, "நீங்க பாத்துட்டீங்கன்னா சரிதான் சார். என் கண்ணுதான் ஏமாத்திடுச்சு போல" என்றார். என் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டார்.

ரெண்டு மாசம் கழித்து ஒரு விஞ்ஞானியிடமிருந்து மெயில். அதே தேதியில் பக்கத்துக் கடலில் போன கப்பல்களின் பதிவில் பெரிய புயல் இருக்கிறது, நீங்கள் ஏற்றிய அளவில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லையே, ஒரிஜினலைப் பார்க்க முடியுமா என்று.

அப்போதுதான் முதல் தடவையாக அந்த போட்டோவைத் திறந்தேன். கலைந்த மையில், ஆனால் பளிச்சென்று, 28. 28. 28. புயல் வந்தால் அழுத்தம் இறங்கும்; அந்தப் புயலில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் அந்த மனுஷன்.

திரும்பவும் 28 ஆக்கிவிட்டு பதில் போட்டேன்: "ஆபரேட்டரின் தவறு. சரிசெய்துவிட்டோம். அவர் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை."

அக்காவைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டுமே.

ஒரு பௌர்ணமிக்கு கிரிவலம் போனபோது, அடி அண்ணாமலையில் அக்கா தன் வீட்டுக்காரரோடு இளநீர் கடையில் நின்றிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தேன். விடவில்லை. கூப்பிட்டு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"நம்மாளு எப்படி இருக்காரு சார்?"

"ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சுக்கா" என்றேன். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, அரோகரா சொல்லிக்கொண்டு மிச்ச தூரத்தையும் நடந்தேன். வெட்கம் கெட்டவன்.

இன்று மதியம் அந்த விஞ்ஞானிக்கு மெயில் போட்டேன். தவறு ஆபரேட்டருடையது இல்லை, என்னுடையது என்று, அக்காவின் முழுப் பெயரையும் எழுதி.

பிறகு மாலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மா சரியாதான் அடிச்சாங்கம்மா. மாத்துனது நான். பாக்காமயே பாத்துட்டேன்னு பொய் சொன்னேன்."

அந்தப் பெண் திட்டும் என்று நின்றிருந்தேன்.

நேராக ஃப்ரீசர் பாக்ஸ் பக்கம் போய், கண்ணாடி மேல் கையை வைத்துக் குனிந்தது. "அம்மா... உன் மேல தப்பு இல்லயாம் அம்மா. சார் சொல்றாரு. நீ கரெக்டாதான் அடிச்சியாம் அம்மா..."

அதற்குப் பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பவில்லை.

கமெண்டில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

போய் வாருங்கள் அக்கா... மன்னிப்பு கேட்கிற முகம்கூட எனக்கு இல்லை.