ஜெயிலுக்கு வந்தது யார்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிமெண்ட் குழைத்தேன். பிறகு மோசைக் ஒட்டினேன். பிறகு ஆள் வைத்து ஒட்டினேன். பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் மாடி வைத்த என் வீடு யார் தயவும் இல்லாமல் நான் கட்டியது. எங்கள் கோயிலில் மாதா சிலை நிற்கிற கெபியும் பீடத்துத் தரையும் என் கை வேலை. இவன் உருப்படமாட்டான் என்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தரையில்தான் முழங்கால் போடுகிறார்கள். இவ்வளவுக்கும் மேலே ஒரு மனுசனையும் கட்டி நிறுத்தினேன். என் மைத்துனன், என் மனைவியின் தம்பி.

பாலிக் புலாவில் ஒரு கல்யாணம். நான் வேலை முடியாமல் போகவில்லை. மைத்துனன் குடித்துவிட்டு, அவன் அக்காவை, என் மனைவியை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுப் பாதையில் கார் ஓட்டினான். அவன் பிழைத்தான். அவள் பிழைக்கவில்லை.

அவனை ஜெயிலில் போட்டபோது சொந்தக்காரர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் போனேன். ஃபெரி ஏறி அக்கரை போய், பஸ் மாறிப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து போனைக் காதில் வைத்து, "உன்னை மன்னிச்சிட்டேன்டா" என்றேன். அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. திரும்பும்போது நல்ல பசி, அதுதான் ஞாபகம்.

வெளியே வந்ததும் என் ஆட்களோடு சேர்த்து வேலை பழக்கினேன். வீட்டுக்கு மட்டும் கூப்பிடவில்லை. அவன் சிரித்தால் அவள் சிரிப்பது போலவே இருக்கும். முதலில் மூச்சை இழுத்து, பிறகு விட்டு விட்டு வரும். அதை என் வீட்டுக்குள் கேட்க என்னால் ஆகாது. ஃபாதரிடம் சொன்னேன். மன்னித்தால் முழுசாக மன்னிக்க வேண்டும் என்றார். சரி ஃபாதர் என்று வந்துவிட்டேன்.

போன மாதம் அன்பியக் கூட்டம் என் வீட்டு முறை. வீட்டுக்கு வீடு மாறி வருகிற ஜெபம், வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவனை மட்டும் வராதே என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள், மற்ற நாளில் வீட்டில் டிவி சத்தம்தான். அன்றைக்கு நாற்காலி போதவில்லை. தேத்தண்ணியும் நானே கலக்கினேன்.

"என்ன அண்ணே, சீனியே காணோம்? தவக்காலம் முடிஞ்சிருச்சுலா" என்றார் பக்கத்து வீட்டம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு மைத்துனன் எழுந்து, என் மனைவி படத்துக்குக் கீழே நின்று, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொன்னான். "ஜெயில்ல என்னைத் தேடி ஒருத்தர்கூட வரலை. ஆண்டவர் மட்டும்தான் வந்தாரு. அவர்தான் என்னை மன்னிச்சாரு."

பொம்பளைகள் கண்ணைத் துடைத்தார்கள். நான் தட்டோடு நின்றிருந்தேன்.

எல்லாரும் போகும்போது அவனை வாசல் கேட் பக்கம் நிறுத்தினேன்.

"ஏன்டா, ஜெயிலுக்கு யாரு வந்தது?"

"அத்தான், சாட்சின்னா ஆண்டவருக்குத்தான் மகிமை கொடுக்கணும்."

"கொடு. அவருக்கு நான் போட்டியா? பஸ் ஏறி வந்தது யாரு, அதைச் சொல்லு."

"உங்க ரூபத்துல அவர்தான் வந்தாரு அத்தான்" என்று சொல்லிச் சிரித்தான். அதே சிரிப்பு.

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்து நாற்காலிகளை அடுக்கினேன்.

ஆண்டவர் மன்னித்திருப்பார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் எழுந்து ஒரே ஒரு கோப்பையைக் கழுவி வைக்கிற வேலை அவருக்கு இல்லை. ஜெயிலில் ஒரு தடவை சொன்னதை நான் தினமும் விடிந்ததும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சில நாள் வாய் வருவதில்லை. அப்போதும் அவனுக்கு வேலை இல்லை என்று நான் சொன்னது கிடையாது.

அடுத்த கூட்டம் வேறு வீட்டில். அவன் மறுபடி சாட்சி சொல்வான், சொல்லட்டும். ஆண்டவரை முதலில் சொல்லட்டும், எனக்கு வருத்தமில்லை. அதற்கு அடுத்தபடியாக, என் அக்கா புருசன் பஸ் ஏறி வந்து என்னை மன்னித்தார் என்று சொல்ல வேண்டும். என் பெயரைச் சொல்லி, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்.