இரண்டாம் முறை கேட்கும் கேள்வி

கோமளா சாவைப் பற்றிப் படிக்கிறாள் என்று வடவள்ளியில் அவள் குடியிருந்த தெரு முழுவதும் பேச்சு. அது சரியல்ல. அவள் படித்தது சட்டம்.

கோயம்புத்தூர் நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்திக்கொண்டிருந்தவள், நாற்பது வயதுக்கு மேல் எல்.எல்.எம். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தாள். அதில் வகுப்பறை குறைவு. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, விடை தேடி, ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும். தேற வழியில்லாத நோய் வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம், குழாய் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க இப்போது சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படிச் சொன்னவர் படுக்கையில் விழுந்த பிறகும் அதையேதான் விரும்புகிறாரா? இதுதான் அவள் எடுத்த கேள்வி. அவளுடைய அப்பா கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, வெளியே வராந்தாவில் உறவுக்காரர்கள் போட்ட சண்டையிலிருந்து வந்த கேள்வி அது.

நான் அவளுடைய அம்மா நாச்சியம்மாளைக் கவனித்துக்கொள்ளப் போனவள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்று, பிறகு இளம் பெண்கள் பலருக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுத்தேன். அந்தப் பெண்கள் வேலை செய்த வீடுகளைத்தான் கோமளாவுக்குக் காட்டினேன்.

அவள் வேலை செய்யும் முறை இது. ஒருவரிடம் ஒருமுறை கேட்டால் போதாது. வலியிலோ மகன்மேல் உள்ள கோபத்திலோ ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆகவே சில வாரம் கழித்துப் போய் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அதே பதில் வந்தால் ஆய்வில் சேரும். மாறினால் இன்னொரு முறை போக வேண்டும். இதைப் படுத்திருப்பவரிடமே சொல்லிவிட்டு வருவாள். "மறுக்கா வந்து இதையேதான் கேப்பேனுங்க. அதுவரைக்கும் யோசிச்சு வைங்க."

முதலில் ஒத்திகை போல அம்மாவிடமே கேட்டாள்; மறுக்கா வந்து கேட்பதாக அவரிடமும் சொல்லி வைத்தாள். நாச்சியம்மாள் வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தை நிர்வாகம் செய்தவர். இதயமும் சிறுநீரகமும் கெட்ட பிறகு மகள் வீட்டுக்கு வந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் சொருக வேண்டாங் கண்ணு. இந்த ஊட்டுலயே இருந்துபோட்டு இங்கிருந்தே போறேன்" என்றார்.

அடுத்தது பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரி சென்னகிருஷ்ணன். அவரும் வேண்டாம் என்றார். கோமளா வழக்கம் போல மறுக்கா வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு கோர்ட்டில் வேலை நெருக்கியதால் நாள் தள்ளிப் போனது. இதற்கிடையில் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அங்கே வேலை செய்த பெண் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். கோமளாவின் காரிலேயே நானும் போனேன்.

பாதம் குளிர்ந்திருந்தது. முழங்காலில் நீலத் திட்டுகள். மூச்சு நின்று நின்று வந்தது. இந்த நிலைக்கு வந்தவர்கள் அன்றோ மறுநாளோ போய்விடுவார்கள். இவர் ஒரு வாரமாக அப்படியே கிடப்பதாகச் சொன்னார்கள். உறவுக்காரர்கள் பால் ஊற்றிப் பார்த்தார்கள். தோப்பு மண்ணைக் கரைத்து ஊற்றியும் பார்த்தார்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோமளா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியைக் கேட்டாள். பல நாளாகத் திறக்காத கண் திறந்தது.

"அன்னிக்குச் சொன்னதேதானுங்க" என்றார். தெளிவாகச் சொன்னார்.

எங்கள் கார் கிணத்துக்கடவைத் தாண்டவில்லை, போன் வந்துவிட்டது.

மேட்டுப்பாளையத்தில் ராமாமணி என்ற அம்மாவும் இதே போலத்தான். இரண்டாம் பதிலைச் சொல்லி முடித்து, "சரிதானே அம்மணி, இனி ஒண்ணுமில்லையே?" என்று கேட்டுக்கொண்டாராம். அந்த வீட்டு ஆட்கள் கோமளாவுக்குக் காபி கலக்க உள்ளே போனார்கள். காபி வருவதற்குள் முடிந்துவிட்டது.

கோமளா தன் வழிகாட்டிப் பேராசிரியர் தமிழ்ச்செல்வனிடம் போனில் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"சாகக் கெடக்கறவங்களத்தானம்மா தேடிப் போறீங்க? பின்ன அவங்க எந்திரிச்சு வந்து உங்களுக்கு மாலையா போடுவாங்க? ஒழுங்கா ரெண்டாவது பேட்டிய முடிங்க."

அவர் சொன்னது நியாயம். நானும் அதையே சொன்னேன். ஆனால் செய்தி பரவிவிட்டது. ஒருநாள் வெள்ளகோவிலிலிருந்து மனோஜ்குமார் என்பவர் அழைத்தார். அவருடைய அப்பா குமாரசாமியிடம் கோமளா முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஏனுங்க மேடம், எப்ப வாரீங்க? பெங்களூர்ல இருந்து லீவு போட்டு வந்திருக்கேனுங்க. ஞாயித்துக்கெழமைக்கு டிக்கெட் போட்டிருக்குதுங்க."

"நான் கேள்வி கேக்கத்தானுங்க வருவேன். வேற எதுக்கும் இல்லைங்க."

"எதுக்கா இருந்தா என்னங்க. வந்தாச் சரி."

கோமளா போகவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் போகவில்லை. மனோஜ்குமார் ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் திரும்பினார். குமாரசாமி கிடந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட ஹாரிகா நான் பயிற்சி கொடுத்த பெண். எதற்கும் அசராதவள். அவள் போனில் குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், கண்ணத் தொறந்தா வாசலத்தான் பாக்கறாருங்க. கார் சத்தம் கேட்டா மூச்சு மாறுதுங்க" என்றாள். கார் கடந்து போனதும் மூச்சு மறுபடி பழையபடி ஆகிவிடுமாம்.

இத்தனையும் நாச்சியம்மாள் படுக்கையில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"என்னை ரெண்டாவது எப்பக் கேப்பே?" என்று மகளிடம் கேட்டார்.

"உன்னைய ஆய்வுல சேத்துக்கலம்மா. ஒத்திகைதான் அது."

"சொல்லீட்டுப் போனியா இல்லியா? மறுக்கா வந்து கேப்பேன்னு?"

கோமளா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அந்த வாரத்தில் நாச்சியம்மாளின் பாதம் குளிர ஆரம்பித்தது. நான் சாக்ஸ் போட்டுவிட்டேன். குளிர் கணுக்காலைக் கடந்து மேலேறி முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது. மறுநாளும் அங்கேயே நின்றது. அடுத்த வாரமும் அங்கேயே. டாக்டர் வந்து ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்துவிட்டு, "சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். அரை டம்ளர் கஞ்சி குடிப்பதாகச் சொன்னேன். அவர் தாளை மடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

இப்படி எத்தனை நாள் வைத்திருப்பது? முதுகில் புண் வரத் தொடங்கியது. திருப்பிப் படுக்க வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். நான் கோமளாவிடம் நேராகச் சொன்னேன். "கேட்டுருங்க. உங்க கேள்வியில ஒண்ணுமில்ல. ஆனா அவங்க அதுக்குத்தான் காத்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டு வலிய தாங்கறாங்க."

"நான் கேட்டு, அம்மா போயிட்டா?"

நான் புண்ணுக்கு மருந்து போட எழுந்து போனேன்.

ஒரு சனிக்கிழமை காலை லேப்டாப்போடு வந்து உட்கார்ந்து கேட்டாள். நாச்சியம்மாள் என்னை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டு போ. எத்தனை கொழாய் உண்டோ அத்தனையும் சொருகச் சொல்லு" என்றார். "பதில் மாறிப் போச்சா? அப்ப நீ மறுக்கா வந்து கேக்கோணுமல்லோ?"

"ஆமாம்மா."

"வா. நான் எங்க போறேன்."

அடுத்த சனிக்கிழமை பழனிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அதற்கடுத்த வாரம், தலைமாட்டில் யாராவது வள்ளி கும்மி பாட வேண்டும் என்றார். "சட்டத்துல இதுக்கு எடமிருக்குதா, பாரு" என்று மகளைச் சீண்டினார். அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுவதும் வலி தாங்கினார். குளிர் முழங்காலுக்குக் கீழேயே நின்றது. நான் தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பேன். கட்டிலை விட்டு நகர்ந்ததும் தொட்ட கையைத் துண்டில் துடைத்துக்கொள்வேன். எதற்கு என்று தெரியாது. வேலையில் எனக்கு இல்லாத பழக்கம் அது.

ஆய்வேடு கொடுக்கக் கடைசித் தேதி நெருங்கியது. குமாரசாமியின் இரண்டாம் பதில் இல்லாமல் ஆய்வு நிற்காது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கோமளா படிப்பையே விட்டுவிடுவதாகச் சொன்னாள்.

நாச்சியம்மாளுக்குக் கோபம் வந்தது. "அந்த மனுசன் இன்னும் வாசலைப் பாத்துட்டே கெடக்கறாரா?"

"ஆமாங்க" என்றேன் நான்.

"நானாச்சும் உன்ற மொகத்தைப் பாத்துட்டுக் கெடக்கேன். அவரு யாரைப் பாத்துட்டுக் கெடக்கறாரு? வாக்குக் குடுத்துப்போட்டு ஒளிஞ்சுக்கறதுக்கா உன்னைய வக்கீலுக்குப் படிக்க வெச்சேன்? காலையில போயிக் கேட்டுப்போட்டு வா. வந்து என்னையுங் கேளு."

கோமளா மறுநாள் காலை வெள்ளகோவில் போனாள். பிற்பகலில் ஹாரிகாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. குமாரசாமி பதில் சொல்லிவிட்டார். கார் தெருமுனை திரும்பும் வரை வாசலைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூச்சு வரவில்லை. "அவங்ககிட்ட இப்பச் சொல்லாதீங்க சிஸ்டர், வண்டி ஓட்டிட்டு வாராங்க" என்றாள் ஹாரிகா. நான் சொல்லவில்லை. நாச்சியம்மாளிடமும் சொல்லவில்லை. ஆனால் போனை வைத்ததும் அவர், "எனக்குத் தலை சீவி உடுங்க" என்றார்.

கோமளா வந்தாள். முகம் கழுவினாள். அவளாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் சொருக வேண்டாங் கண்ணு. இந்த ஊட்டுலயே இருந்துபோட்டு இங்கிருந்தே போறேன்" என்றார் நாச்சியம்மாள். "எழுதிக்கிட்டியா?"

"எழுதிக்கிட்டேம்மா."

"மொதல்ல சொன்னதேதானே?"

"அதேதான்."

ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. நான் சாக்ஸைக் கழற்றிவிட்டு முழங்காலுக்கு மேலே தொட்டேன். குளிர்ந்திருந்தது. கையை அங்கேயே வைத்திருந்தேன். குளிர் என் விரல்களுக்குக் கீழே நகர்ந்தது.

கோமளாவிடம் லேப்டாப்பை மூடிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.