ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

போன வாரம் பாபநாசம் பக்கம் மச்சான் ரவியின் ஊருக்குப் போயிருந்தேன். சுற்றிலும் குறுவை தலைசாய்ந்து நிற்க, நடுவில் ஒன்றரை ஏக்கர் மட்டும் வெளுத்து விறைத்து நின்றது. ஒரு கதிரை உருவிப் பார்த்தேன். அத்தனையும் பதர்.

அது கலாவதி அக்காவின் வயல். அங்கே ஏழு குடும்பத்துக்கு ஒரே போர்வெல், ஆளுக்கு ஒரு கிழமை. ஞாயிறு அக்காவுடையது. அந்தந்தக் கிழமைக்கு உரியவரின் வால்வைத் திறந்து மோட்டாரை ஓட்டுவது ரவி எழுதிய சின்ன புரோகிராம்.

அந்த புரோகிராமிங் மொழியை வளர்க்கும் குழுவில் நானும் ஒருவன்… இந்தப் பத்தியில் அதைப் பீற்றிக்கொள்ளாத வாரம் உண்டா? கிழமையைக் கேட்டால் எண் சொல்லும் ஃபங்ஷன் ஒன்று அதில் இருக்கிறது. திங்கள் ஒன்று, ஞாயிறு ஏழு. மற்ற மொழிகளோடு ஒத்துப்போகட்டும் என்று ஞாயிற்றை மட்டும் பூஜ்ஜியமாக மாற்றினோம். பழைய புரோகிராம்கள் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். "ஏழு என்ற எண்ணை நம்பி யார் எழுதியிருக்கப் போகிறார்கள்?" என்று பதில் போட்ட மேதாவி நான்தான்.

ரவி அப்டேட் போட்டான். அவன் புரோகிராம் ஏழுக்காகக் காத்திருந்தது. ஏழு வரவே இல்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மூன்று ஞாயிறு அந்த வால்வு திறக்கவில்லை.

"மோட்டார் ஓடலைன்னு தெரியலையாடா?"

"கரண்ட் இல்லைன்னு நெனச்சேன் மச்சான்."

சரி, அக்காவாவது கேட்டிருக்கலாமே? வரப்பில் நின்ற அவரிடமே கேட்டேன்.

"என்னத்தக் கேக்குறது தம்பி? எங்க தெருவுக்கும் பங்கு வேணும்னு ரெண்டு வருஷம் நடையா நடந்துதான் அந்த ஒரு கிழமையக் குடுத்தாங்க. இப்ப பிடுங்கிட்டாங்கன்னு நெனச்சேன். கேட்டா, ஆமான்னு சொல்லிருவாங்களே."

நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"அப்ப யாரும் வேணும்னு பண்ணலையா?" இரண்டு முறை கேட்டார். பிறகு, "வைக்கோலாவது தேறுதான்னு பாக்கணும்" என்று வயலில் இறங்கிவிட்டார்.

ஞாயிற்றை மறுபடி ஏழாக்கச் சொல்லி அன்றே குழுவுக்கு எழுதினேன். பதரில் இனிமேல் பால் ஏறுமா?

ஒன்றை மாற்றிவிட்டு நாம் எல்லோரும் என்ன பார்க்கிறோம்? புகார் வருகிறதா என்று பார்க்கிறோம். வரவில்லையா, யாருக்கும் பாதிப்பில்லை என்று முடிவுகட்டுகிறோம். மூன்று வாரமாக ஒரு புகார்கூட இல்லை என்று எங்கள் குழுவில் கைதட்டிக்கொண்டோம்…

அந்த மூன்று வாரமும் அக்கா வரப்பில் வாய் திறக்காமல் நின்றிருக்கிறார்.