மகள் கேட்ட மெசின்

மகளுக்குப் பத்து வயது நிரம்பப் போகிற நேரம். கனடாவில் இருக்கும் என் தம்பி, "மாமா என்ன வாங்கி அனுப்ப?" என்று தொலைபேசியில் அவளிடமே கேட்டுவிட்டான். அவள் யோசிக்கவேயில்லை.

"மெற்றல் டிற்றெக்டர்." மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் சத்தம் போட்டுக் காட்டுகிற மெசின்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் கடற்கரையில் காசும் மோதிரமும் கிண்டி எடுக்கிற காணொளிகளை அவள் நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவும் உந்த மெசின்தானே வைச்சிருந்தவ" என்றும் சொன்னாள். குரலில் பெருமை. நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

அவள் சொன்னது உண்மைதான். சண்டை முடிந்த பிறகு ஆறு வருடம் முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தேன். முகத்தில் கண்ணாடித் தடுப்பு, உடம்பில் பாரமான கவசம், கையில் மெசின். ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் நகர்ந்து, சத்தம் வந்தால் நின்று, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி எடுப்போம். ஒரு நாளில் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்கூட முடியாத நாட்கள் உண்டு.

அந்த வேலையை ஏன் விட்டேன் என்பதை மட்டும் மகளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

தம்பி இரவே மூன்று படங்கள் அனுப்பினான். "அக்கா, உங்களுக்குத்தானே தெரியும். எது நல்லதெண்டு பாத்துச் சொல்லுங்கோ." முதலாவது மஞ்சள் பிளாஸ்ரிக்கில் செய்த சின்னது. இரண்டாவதில், கீழே இருப்பது இரும்பா வெள்ளியா என்று காட்ட ஒரு முள். மூன்றாவது தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும், காதில் மாட்டுகிற கருவியோடு வரும்.

மூன்றாவதை உடனே தள்ளினேன். காதை மூடினால் நான் கூப்பிடுவது அவளுக்குக் கேட்காது. இரண்டாவது நல்ல மெசின், ஆனால் பாரம். பத்து வயதுக் கை கால்மணித்தியாலத்தில் சோர்ந்துவிடும். கை சோர்ந்தால் கீழ்த்தட்டு சரியும். தட்டு நிலத்துக்குச் சமனாக நிற்காவிட்டால் எந்த விலை மெசினும் பொய்தான் சொல்லும். மஞ்சளின் தடியைப் பிள்ளையின் உயரத்துக்குக் குறைக்கலாம், பாரமில்லை, விலையும் மலிவு. நான்கு விரல் ஆழத்துக்குக் கீழே அதற்கு எதுவும் கேட்காது. அதனால்தான் அதைப் பிடித்திருந்தது. ஒன்றையும் கண்டுபிடிக்காத மெசின் என்று நினைத்தேன்.

ஆனாலும் வாங்கு என்று தம்பிக்குச் சொல்ல இரண்டு நாளாக மனம் வரவில்லை. கணவர் கடலுக்குப் போய் வந்து வலையை விரித்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளையின்ரை ஆசையை ஏன் கெடுக்கிறாய்? விளையாட்டுச் சாமான்தானே."

"அவள் கிண்டுவாள்."

"கிண்டட்டும். எங்கடை காணி சோதிச்ச காணி. கடிதம் கிடக்கு."

மயிலிட்டியில் படையினர் பிடித்து வைத்திருந்த எங்கள் காணி திரும்பக் கிடைத்தபோது, மிதிவெடி இல்லை என்று தந்த கடிதம் அது. அப்படியான நிலங்களைச் சோதித்து முடித்தவர்களில் நானும் ஒருத்தி. முகமாலையில் ஒரு பாதையை நான் முடித்து, பயமில்லை என்று காட்டும் வெள்ளைத் தடி நட்டு, அடுத்தவளுக்கு விட்டேன். அவள் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள். மறுநாள் காலை அந்தப் பாதையால் தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு போனபோது வெடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இரும்பு மிகக் குறைந்த வெடி, மழை மண்ணை மூடி ஆழத்துக்குப் போயிருந்தது, மெசினுக்குக் கேட்டிருக்காது என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அவளும் என் கையைப் பிடித்து, "உனக்குக் கேட்டிருந்தா விட்டிருப்பியே?" என்றாள். அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. அவளைப் பார்க்கவும் போகவில்லை.

கணவருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தவர் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் வாதாட என்னால் முடியவில்லை. மஞ்சளையே வாங்கச் சொன்னேன்.

ஊருக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் கையில் மெசின் வந்து சேர்ந்தது. தட்டை எப்படிப் பிடிப்பது, எப்படி மெதுவாக வீசுவது என்று நானே பழக்கினேன். கடற்கரையில் மட்டும், அப்பாவின் வள்ளம் இழுத்து வைக்கிற இடத்தில் மட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். சோடா மூடிகள், தூண்டில்கள், ஒரு இரண்டு ரூபாய்க் குற்றி. ஒவ்வொன்றையும் கழுவிப் போத்தலில் போட்டாள். நானும் சிரித்தேன்.

மெசின் வந்து மூன்றாம் கிழமை கடல் கொந்தளிப்பு. கடற்கரைக்கு விடவில்லை. பின்னேரம் உடுப்புக் காயப்போட வெளியே வந்தபோது, வீட்டின் பின்வளவில் முருங்கைக்கு அப்பால் அவள் குந்தியிருப்பதைக் கண்டேன். பக்கத்தில் மெசின். கையில் தேங்காய்ச் சிரட்டை. மண்ணைக் கோலிக்கொண்டிருந்தாள்.

"அசையாதை!"

அந்தக் குரல் என்னுடையது போலவே இருக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, ஏதோ பெரிசு. உருண்டையா இருக்கு."

"சிரட்டையை மெல்லக் கீழை வை. தொடாதை. எழும்பு. நீ வந்த காலடியிலையே திரும்பி வா. புதுசா ஒரு இடத்திலையும் கால் வைக்காதை."

அவள் அழத் தொடங்கினாள். ஈர மண்ணில் அவளுடைய காலடிகள் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாகச் சொன்னேன். இடது கால், இப்ப வலது, கொஞ்சம் பொறு. பதினேழு அடி. என் கைக்கு எட்டியதும் இழுத்து அணைத்தேன், பிறகு முதுகில் ஓங்கி அடித்தேன். ஏன் அடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"நான் முதல் வளவு முழுக்கப் பாத்தனான் அம்மா" என்று விக்கினாள். "மூண்டு நாளா, நீங்கள் கடைக்குப் போற நேரம். வேறை ஒரு இடத்திலையும் சத்தம் வரேல்லை. அதுதான் பயமில்லையெண்டு நினைச்சனான்."

மூன்று நாளாக அவள் அந்த வளவெல்லாம் நடந்திருக்கிறாள்.

அறிவித்ததும் படையினர் வந்து கயிறு கட்டினார்கள். அது வெடிக்காத மோட்டார் எறிகணை. பிறகு வெடி அகற்றும் பெண்கள் வந்தார்கள். நாங்கள் ஐந்து நாள் தேவாலய மண்டபத்தில் தங்கினோம். இரண்டாம் நாள் கிணற்றடிக்குப் போகிற வழியில் ஒரு மிதிவெடியும், நான்காம் நாள் இன்னொன்றும் எடுத்தார்கள். இரண்டாவது, மகள் கயிறடித்து விளையாடுகிற வேப்பமரத்தின் கீழ். அங்கேயும் மெசினைப் பிடித்துப் பார்த்ததாக அவள் சொன்னாள்.

வந்த பெண்களில் ஒருத்திக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். "அக்கா, இனிப் பயமில்லை, முடிச்சிட்டம்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். அதே வார்த்தையை அதே சிரிப்போடு எத்தனை வீட்டுக்காரருக்கு நான் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நன்றி சொன்னேன்.

மெசினைக் கணவர் எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். மகள் கேட்கவில்லை. தம்பி தொலைபேசி எடுத்தபோது, "நல்லா இருக்கு மாமா" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு இப்போது பன்னிரண்டு. கிணற்றடி வரை சீமெந்துப் பாதை போடச் சொல்லி அழுது, தகப்பனைக் கொண்டு போடுவித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தச் சீமெந்தில்தான் நடக்கிறாள். பந்து மண்ணில் உருண்டு போனால் அங்கேயே நின்று என்னைக் கூப்பிடுகிறாள். நான் போய் எடுத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு அடியையும் அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.