செல்வி ரத்தம் கொடுத்த காலை

காலை ஐந்தரை மணிக்குக் கோவிந்தாபுரத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். முதலமடையில் எங்கள் தோப்பில் மாங்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுக் கிளம்பியதற்குக் காரணம், தம்பி செந்தில் ஒரு வாரமாக என் போனை எடுக்கவில்லை. வட்டவடையில் பெண்ணெடுத்து அங்கேயே ஜீப் ஓட்டுகிறான். அவன் மனைவி செல்வி இப்போது இரண்டு மாதக் கர்ப்பம்.

என் மகள் நிலாவுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுகிறோம். எங்கள் குடும்பத்தில் ஓடும் குறை அது. தம்பியும் செல்வியும் பரிசோதித்தே ஆகவேண்டும்.

உடுமலையில் மூணாறு பஸ். சின்னாறு தாண்டி யானை நின்றதால் கால் மணி நேரம் காத்திருந்தோம். மதியம் மூணாறு ஜீப் ஸ்டாண்டில் தம்பியைப் பிடித்தேன். அவன் ஜீப்பிலேயே ஏறிக்கொண்டேன். அங்கிருந்து வட்டவடை நாற்பத்தைந்து கிலோமீட்டர். டாப் ஸ்டேஷனில் மற்றவர்கள் டீ குடிக்க இறங்கியபோதுதான் வாயைத் திறந்தான்.

“எனக்கு இருக்குதுங்க்கா. கல்யாணத்துக்கு முன்னாலயே ரத்தம் பாத்துட்டேன். பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு அவகிட்டச் சொல்லலை.”

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கே சொல்லிவிடு, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன்.

மூன்று மணிக்கு வீடு சேர்ந்தோம். வாசலில் பூண்டு காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வியிடம் தலை நிமிராமல் சொல்லி முடித்தான். அவள் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். பிறகு அவனை விட்டுவிட்டு என்னிடம், அந்த நோய் உடம்புக்குள் என்னதான் செய்கிறது என்று கேட்டாள்.

டாக்டர் எனக்கு விளக்கியதைச் சொன்னேன். புரதம் செய்யும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. செல் முதலில் அதை ஒரு நகல் எடுக்கும். நகலை மும்மூன்று எழுத்தாக வாசித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போனால் புரதம் உருவாகும். எங்கள் குடும்பத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த இடம் ‘நிறுத்து’ என்று வாசிக்கப்படுவதால் ஹீமோகுளோபினுக்கு வேண்டிய புரதம் பாதியில் நின்றுபோகிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று அந்த மரபணு இரண்டு வரும். ஒன்று நன்றாயிருந்தால் பிழைப்பு ஓடும். நிலாவுக்கு என்னிடமிருந்து வந்ததும் அவள் அப்பாவிடமிருந்து வந்ததும் இரண்டுமே பழுது.

“அப்ப எனக்கும் இருந்தாத்தான் பிள்ளைக்கு ஆபத்து?”

ஆமாம், அப்போது நான்கில் ஒரு பங்கு என்றேன்.

“அவுக மேல கோவம் இருக்கு மதினி. அது பெறகு. நாளைக்கு மொத ஜீப்புல போவோம்.”

மறுநாள் விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். பாம்பாடும்சோலைக் காட்டில் பனி கண்ணாடியை மறைத்தது. தம்பி ஓட்ட, செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். மூணாறு லேபில் தானே முதலில் போய்க் கையை நீட்டினாள். அவளை அணைத்து விடைபெற்று நான் பஸ் ஏறினேன். மலையிறங்கிச் சின்னாறு வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது.

சில நாள் கழித்து, நிலாவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செல்விக்கு இல்லை. தம்பி அதற்குமேல் பேச முடியாமல் அழுதான். செல்வி போனை வாங்கி, தான் இப்போது நன்றாகச் சாப்பிடுவதாகவும், கோபம் ஆறி அவரோடு பேசுவதாகவும் சொன்னாள்.

நிலாவிடம் சொன்னேன். பிறக்கப்போகும் பாப்பாவைப் பார்க்க எப்போது போவோம், அங்கே குளிருமா என்று கேட்டாள். நம் ஊர் போல இல்லை, நடுங்கிவிடுவாய் என்றேன். ஊசியைக் கழற்றியதும், பாலக்காட்டு உச்சிவெயிலில் இருவரும் ஸ்வெட்டர் விற்கும் கடையைத் தேடி நடந்தோம்.