எண்ணிக்கை குறையாத விறகு

பேரன் நண்பர்களோடு மலைக்குப் போகிறானாம். குளிர்காய விறகு வாங்கி வந்திருக்கிறான், பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிய விறகு! வெளியிலிருந்தே எண்ணினேன், பன்னிரண்டு. மனம் கேட்காமல் பிரித்து, இரண்டை எடுத்துத் தட்டினேன். கணீரென்று கேட்க வேண்டியது சொத்தென்றது. உள்ளே ஈரம். சொன்னால், “கவர்ல ‘டிரை’ன்னு போட்டிருக்குங்க தாத்தா” என்கிறான். சரி, எரியப்போவது அவன் கண்தானே.

அந்தச் சொத்தென்ற சத்தம் எனக்குப் பழைய பகை. அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்காநல்லூரில் ஒரு மில்லின் டைம் ஆபீசில் எனக்கு வேலை. வருகிற ஆட்களை எண்ணுவது, போகிற ஆட்களை எண்ணுவது. ஐந்து வீடுகள் கொண்ட லைனில் எங்களுடையது கடைசி. மனைவிக்கு இழுப்பு உண்டு. புகை பட்டால் மூச்சு விசிலடிக்கும். பிரசவத்துக்குக் கொடுமுடிக்குப் போனவளை அழைத்துவரக் கேட்டபோது மாமனார் சொல்லிவிட்டார்: “அடுப்பு பொகையாம எரியறத நானே வந்து பாக்கோணுங்க மாப்ள. அப்பத்தான் புள்ளைய உட்டுட்டு வருவேன்.”

உடனே அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வேலமர விறகு வாங்கினேன். வெட்டிய ஈரம் காயவில்லை. புழக்கடைத் தாழ்வாரத்தில் வரிசைக்குப் பத்தாக, ஊசி நுழையாமல் நெருக்கி அடுக்கினேன். ஒரு பார்வையில் எண்ணிவிடலாம் அல்லவா?

பக்கத்து வீட்டு ரங்கம்மா எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, செவுரு கட்டறீங்களா? காத்து பூந்து போகச் சந்து உடுங்க.”

“சந்து உட்டா எண்ண முடியாதுங்கக்கா.”

“வெறகு எண்ணறதுக்குங்களா, எரிக்கறதுக்குங்களா?”

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எனக்குச் சாப்பாடு கிளப்புக் கடையில். விறகைத் தொடவே இல்லை. தினமும் மில் விட்டு வந்ததும் எண்ணுவேன். ஒன்றுகூடக் குறையாது. ஆனால் லைன் முழுக்க ஒரே புகை. பொறுக்க முடியாமல் ரங்கம்மாவிடம் கேட்டும் விட்டேன்: “கைக்கொழந்த வரப்போற எடமுங்க. நீங்கல்லாம் கொஞ்சம் காஞ்ச வெறகா எரிக்கக் கூடாதுங்களா?” அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆகட்டுமுங்க” என்றார்.

கார்த்திகையில் மாமனார் வந்தார். மனைவி குழந்தையோடு வாசற்படியிலேயே நின்றாள். மாமனார் அடுக்கிலிருந்து நாலைந்து விறகுகளை உருவித் தட்டினார். கணீர். அடுப்பில் வைத்தார், பற்றிக்கொண்டது. புகை எழவில்லை. நான் தீயைப் பார்க்கவில்லை, அவள் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். விசில் இல்லை. உள்ளே வந்தாள். என் கால் அப்போதுதான் தரையில் பாவியது.

மாமனார் விவசாயி. அடுக்கை மறுபடி பார்த்தார். “வேலமரம்னுதானுங்க சொன்னீங்க மாப்ள? இதுல வேம்பு கெடக்குது, புங்கன் கெடக்குது, மாங்கட்டையுமில்ல கெடக்குது?”

எனக்கு மரம் எங்கே தெரிந்தது? சுவருக்கு அந்தப் பக்கம் ரங்கம்மா சிரித்தார். “எண்ணிக்கை சரியா இருக்குதுங்களா? ஒண்ண எடுத்தா ஒண்ண வெச்சுப்போடோணும்னு நாலு ஊட்டுக்காரிகளும் பேசி வெச்சிருந்தமுங்க. கொறஞ்சா நீங்க போலீசுக்குப் போயிருவீங்களே!”

தங்கள் காய்ந்த விறகை என் அடுக்கில் வைத்துவிட்டு, என் ஈர விறகைத்தான் நான்கு வீடுகளும் இருமிக்கொண்டே எரித்திருக்கின்றன. அதற்குத்தான் நான் புகார் சொல்லப் போயிருக்கிறேன்.

பிறகு கேஸ் அடுப்பு வந்தது. விறகடுப்பு ருசியைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மூச்சுக்குத் தவிக்கிறவளோடு அவர்கள் குடித்தனம் நடத்தியதில்லை. புகை ஒழிந்தது, அவள் இழுப்பும் அடங்கியது. இதோ, அடுத்த அறையில் சத்தமில்லாமல் தூங்குகிறாள். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

லைன் வீடுகளும் போய்விட்டன. இப்போது அடுக்குமாடி வீடு. இந்த மாடியில் ஆறு கதவுகள். நடக்கும்போதெல்லாம் எண்ணுகிறேன், குறைவதே இல்லை. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்றுதான் தெரியவில்லை.