மீசையை எடுத்த ஆல்பம்

இந்த ஆண்டு எனக்குப் பிடித்த பத்து ராக் ஆல்பங்களின் பட்டியலை இன்று போடுவதாகச் சொல்லியிருந்தேன். அதைப் போட முடியாமல் போன கதை இது.

முடி வெட்ட, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து சலூனில் காத்திருந்தேன். முதலிடத்துக்கு இரண்டு ஆல்பங்கள் போட்டியில் இருந்தன. இன்னொரு முறை கேட்டு முடிவு செய்யலாம் என்று போனில் பாட்டைத் தட்டினேன்.

போன மாதம் இதே கடை புளூடூத் ஸ்பீக்கரோடு என் போனை இணைத்தது நினைவில் இல்லை. பாடகர் எடுத்த எடுப்பிலேயே கடை முழுக்க அலறினார்.

நாற்காலியில் இருந்தவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்த கடைக்காரரின் கை துள்ளியது. வலது பக்க மீசையில் பாதி போய்விட்டது.

"ஏலே, சாயங்காலம் பொண்ணு பாக்கப் போறேன்டா" என்று அவர் கடைக்காரரிடம் சொன்னார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"முழுசா எடுத்துருவோம்ண்ணே. அஞ்சு வயசு கொறஞ்சு தெரியும்."

கடைக்காரர் எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கும் ஒங்க நம்பரக் குடுங்க தம்பி" என்று மீசையை இழந்தவர் வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்து மணிக்கு அழைத்தார்.

"தம்பி, போட்டோவுல மீசையோட இருந்தவரு எங்கன்னு கேக்குறாங்க. என்னைய மாப்பிள்ளையோட தம்பின்னு நெனைக்கிறாங்க. செத்த நேரம் நீங்களே வந்து நடந்ததைச் சொல்லிருங்க."

இப்போது சித்தையன்கோட்டை பஸ்ஸில் இருக்கிறேன். அணிந்திருப்பது மண்டையோடு படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட். இதோடு பெண் வீட்டுக்குள் போகலாமா, யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.